படகுத்துறையோரத்து நீச்சல் வகுப்பு

முதியோர் வகுப்பில் அடுத்ததாக எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று மாஸ்டர் கேட்ட அன்று, "நீச்சல்" என்று முதலில் வாய் திறந்தது ராத்தாதான். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பே பஞ்சாயத்துக் கூடத்தின் பின்பக்க அறையில் அந்த வகுப்பு நடந்தது. அறுபதைத் தாண்டிய யாரும் வரலாம். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் அந்த இரண்டு நாட்களை நம்பித்தான் நான் இருந்தேன். மகன் போர்ட் பிளேரில், மகள் மெயின்லேண்டில். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவர் பாமாயில் தோட்டத்து ஆலையில் வேலை பார்த்தவர். தோட்டத்தை மூடிய பிறகு பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். முழங்கால் வலி வந்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். காலையில் "டீ", மதியம் "சாப்பாடு", அவ்வளவுதான் எங்கள் வீட்டில் கேட்கும் சத்தம்.

வகுப்பில் அப்படியில்லை. தெலுங்குக்காரர் ஒருவர் ஹார்மோனியம் சொல்லிக்கொடுத்தார். வங்காளிப் பெண்கள் தேங்காய்ப் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் போனில் குரல் பதிவு செய்து அனுப்பக் கற்றுக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கே அனுப்பிச் சிரித்தோம். மாஸ்டர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்காளி. அவர்தான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். தமிழ் கொஞ்சம் புரியும், பேசுவது ஹிந்தியில்.

ராத்தா பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம்; அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள், எங்கள் எல்லோருக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் இல்லை, கடையை இப்போது மருமகன் பார்க்கிறார். வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. யாராவது முதலில் வந்து அதில் உட்கார்ந்துவிட்டால், எழுந்திரு என்று சொல்லாமல் அவர்கள் முன்னால் போய் நின்றுகொண்டே இருப்பார்.

"தண்ணியில நின்னு நடந்தா முட்டி வலி போகும்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்றார் அன்று. "நாப்பது வருசம் தீவுல இருக்கோம். நீந்தத் தெரியாமலே மவுத்தாப் போறதா?"

மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கப்பல்காரர் அல்லவா. கை தூக்கச் சொன்னார். என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

நான் கடலுக்குப் பக்கத்தில் போவதில்லை. எங்கள் வீடு, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து பதினாறாம் கிலோமீட்டரில், மேட்டில் இருக்கிறது. ஜெட்டிக்குப் போகும் பஸ் கடலை ஒட்டியே ஓடும். நான் எப்போதும் காட்டுப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். போர்ட் பிளேருக்கு ஷிப்பில் போனால் மேல்தளத்துக்கு ஏறமாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி அலை வந்தபோது எங்கள் வீடு பழைய இடத்தில், கடலோரமாக இருந்தது. பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடி மேடு ஏறினேன். நடுவில் ஒருமுறை தண்ணீர் என்னைக் கீழே தள்ளி, மூக்கிலும் வாயிலும் புகுந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஜெட்டிப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்த என் நாத்தனார் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கடல் என்றால் அது ஒன்றுதான்.

இருந்தும் நீச்சல் வகுப்புக்குப் போனேன். போகாவிட்டால் அந்த இரண்டு காலையும் டிவி சத்தத்தோடு வீட்டில் கிடக்க வேண்டும்.

"பயந்து சாகிறவ எதுக்குப் போற?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எறங்க மாட்டேங்க. கரையில உக்காந்திருப்பேன்."

"கரையில உக்கார்றதுக்கு ஒரு கிளாஸா?"

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

ஜெட்டிக்கு இந்தப் பக்கம், அலைத்தடுப்புச் சுவர் வளைந்து வரும் இடத்தில் தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். மீனவர்களிடம் பழைய வலை ஒன்றைக் கேட்டு வாங்கி, மிதவைகளோடு எல்லை மாதிரி கட்டியிருந்தார் மாஸ்டர். அதைத் தாண்டிப் போகக்கூடாது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் அதைப் பாதுகாப்பு என்றே நம்பினார்கள். நான் மட்டும் அந்த வலையின் கண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பழைய நைலான். ஒரு பெரிய மீனே நினைத்தால் கிழித்துவிடும். வடக்கே ஓடைகளில் முதலை இருக்கிறது, கடலிலும் நீந்தும் என்று எல்லோருக்கும் தெரியும். பீச்சில் எச்சரிக்கைப் பலகைகூட இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பெண்கள் நைட்டிக்குள் சல்வார் பேன்ட் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டார்கள். இரண்டாம் வாரம் குழந்தைகள் மாதிரி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். நான் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையில் நான் பைகளைப் பார்க்கவில்லை. தண்ணீரின் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓதம் வற்றும்போது விளிம்பு ஒரு முழம் பின்னால் போனாலும் எழுந்து நின்றுவிடுவேன். பின்னால் திரும்பி, ரோட்டைத் தாண்டி மேட்டுக்கு ஏறும் வழியை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அந்த வழியில் யாராவது ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தால் எடுக்கச் சொல்லிக் கேட்பேன். ஒரு ஆட்டோக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ராத்தா என்னை விடவில்லை. "கால மட்டும் நனை புள்ள. கரண்டை வரைக்கும்" என்பார். மாஸ்டரும் வந்து நிற்பார். "டரோ மத், தீதி. பானி குச் நஹி கரேகா." பயப்படாதே அக்கா, தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதை என்னிடம் சொல்கிறாரே என்று இருக்கும். அவர் நல்ல மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கோ நடுக்கடலில் கப்பலில் இருந்தவர். அங்கே அலை தெரியவே இல்லையாம்.

ஒருநாள் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கினேன். ஒரு சின்ன அலை வந்து திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போனது. பாதம் இரண்டும் உள்ளே இழுபட்டன. கையை உதறிவிட்டு ஓடி வந்து மணலில் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

அவர்கள் மிதக்கக் கற்றுக்கொண்டார்கள். மல்லாந்து படுத்து, காது இரண்டும் தண்ணீருக்குள் முங்க, கையை விரித்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ராத்தாவுக்கு அது சட்டென்று வந்துவிட்டது. "உள்ள ஒரு சத்தமும் இல்ல புள்ள. கடையும் இல்ல, மருமகனும் இல்ல. அல்லா, என்னா ஒரு நிம்மதி!" என்றார் ஒருநாள் தலையைத் துவட்டியபடி. அதன் பிறகு அவர் மற்றவர்களைவிடத் தள்ளிப் போய், தனியாக மிதக்க ஆரம்பித்தார்.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. வானம் மூடியே இருந்தது. ஓடைகளிலிருந்து வந்த செம்மண் கலங்கலால் தண்ணீர் அடி தெரியாமல் கிடந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். இறங்காதவள் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

சுவரின் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழுந்து நின்றார். கையை நீட்டி, "மகர்! மகர்!" என்று கத்தினார்.

முதலை.

தண்ணீரிலிருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் கரைக்குத் திரும்பினார்கள். ஓடத் தெரிந்தவர்கள் யார் அதில்? எல்லோருக்கும் முட்டி வலி. ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஹார்மோனியக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் குப்புற விழுந்துவிட்டார். மாஸ்டர் அவரைத் தூக்கி, இழுத்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து நின்று எல்லோரையும் தேடினேன். ராத்தா இல்லை.

அவர் வலைக்குப் பக்கத்தில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். காது தண்ணீருக்குள். கண் மூடியிருந்தது. கை விரிந்திருந்தது. அவருக்கு அப்பால், வலையின் மிதவைகளுக்கு வெளியே, தண்ணீரோடு தண்ணீராக நீளமாகக் கறுப்பாக ஒன்று கிடந்தது.

"ராத்தா!" என்று கத்தினேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். அவர் அசையவில்லை.

அடுத்து நடந்ததை நான் முடிவுசெய்து செய்யவில்லை. பார்த்தால் என் புடவை நனைந்து காலைச் சுற்றியிருந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் போனேன். அது அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. நெஞ்சுவரை தண்ணீர் வந்ததும் என் உடம்பு நின்றுவிட்டது. கால் இரண்டும் யாரோ கீழேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி மரத்துப்போயின. முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பல் கிட்டிக்கொண்டது. ராத்தாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான் இருந்திருக்கும். கையை நீட்டித் தொடலாம். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

தண்ணீர் அசைந்ததை உணர்ந்திருப்பார். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். காலை ஊன்றி எழுந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏ புள்ள! வந்துட்டியா! நெஞ்சு வரைக்கும் வந்துட்டியே!"

என் கண் அந்தக் கறுப்பிலேயே இருந்தது.

"மாஸ்டர்! இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு..." என்று கரைப்பக்கம் பார்த்தார். தண்ணீரில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கரையில் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னா புள்ள?"

"முதலை."

"எங்கன?"

"உங்களுக்குப் பின்னால."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தால் பார்த்திருப்பேன். மெதுவாக ஒரு அடி வைத்து என் கையைப் பிடித்தார்.

"வா. தண்ணி தெறிக்காம நட."

"கால் வரல ராத்தா."

"வரும்."

"வரல."

"வரும்டி. என்னையப் பாரு. அங்கன பாக்காத."

அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. அவர் இழுத்த இழுப்பில் ஒரு கால் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் முன்னால் நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகு முழுவதும் கண்ணாகிவிட்டது. புடவை ஏதோ கல்லில் மாட்டி இழுத்தபோது, பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கால் இறங்கி முங்கிவிட்டேன். மூக்கிலும் வாயிலும் உப்பு. அதே உப்பு, அதே மண் நாற்றம். பிள்ளைகள் எங்கே, பிள்ளைகள் எங்கே என்று மனசு கத்தியது. என் மகனுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அது எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

ராத்தா என் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். அதற்குள் மாஸ்டர் நீளமான மூங்கில் கழியோடு தண்ணீரில் எங்களைத் தாண்டிப் போனார். எங்களுக்கும் அந்தக் கறுப்புக்கும் நடுவில் நின்று, கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து வந்தார். அவர் கையிலிருந்த கழி நடுங்குவதைப் பார்த்தேன். பயப்படாதே என்று சொல்பவருக்கும் நடுங்குகிறது.

கரையேறியதும் மணலில் விழுந்தேன். ராத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சட்டென்று என் முதுகில் பலமாக ஒரு அடி அடித்தார்.

"உன்னைய யாரு உள்ள வரச் சொன்னது? நீந்தத் தெரியுமா ஒனக்கு?" இன்னொரு அடி. பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அந்த நேரத்தில் எங்களில் ஒருவர், வகுப்பில் கற்றுக்கொண்டபடி, போனில் குரல் பதிவு அனுப்பிவிட்டிருந்தார். "மகர் வந்துருச்சு, கிளாஸ்ல ரெண்டு லேடீஸ் உள்ள மாட்டிக்கிச்சு." அது ஹட் பே முழுக்கப் போய், எங்கள் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்களைக் கரையேற்றியதை யாரும் அனுப்பவில்லை.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு கடையோரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரின் பைக் வந்து நின்றது. பின்னால் என் வீட்டுக்காரர். கைலியும் வீட்டில் போடும் பனியனும். ஒரு காலில்தான் செருப்பு. பைக் நிற்பதற்குள் இறங்கி, மணலில் வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு நேராகத் தண்ணீரை நோக்கிப் போனார். நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன். "ஏங்க, இங்க இருக்கேன்!"

திரும்பினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அருகில் வந்து என் தலையைத் தொட்டார். ஈரப் புடவையின் முந்தானையைத் தொட்டார். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். ஆட்டோவில் பதினாறு கிலோமீட்டரும் என் கையை விடவில்லை. நான் அன்று கடல்பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

மதியம் நான் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிவி ஓடவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றார்.

"என்னைக்கு?"

"அலை வந்தன்னைக்கு. ஆலையிலேர்ந்து ஓடி வந்தேன். வீடு இருந்த எடமே இல்ல. நீங்க மேட்டுல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. கரையில கெடந்தவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா..." நிறுத்தினார். "மொகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பொம்பளையா இருந்தா நீயான்னு. சின்னப் புள்ளையா இருந்தா நம்ம புள்ளையான்னு. தங்கச்சியக்கூட நான் தேடல. உங்களைத்தான் தேடினேன்."

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. மறுநாள் தோட்டத்துக்குள் எங்களைக் கண்டுபிடித்தபோது, "சாப்பிட்டீங்களா" என்று மட்டும்தான் கேட்டார். அதற்காக நான் அவர்மேல் பல காலம் மனத்தாங்கலாக இருந்திருக்கிறேன். கையில் பிழிந்த துணியோடு நின்றேன். போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இனிமே போகலங்க" என்றேன்.

அவர் என் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி நாற்காலிக் கையில் போட்டார்.

வனத்துறை ஆட்கள் அன்றே படகில் வந்து தேடினார்கள். எதுவும் தென்படவில்லை. சில வாரம் கழித்து வடக்கே ஒரு ஓடையில் முதலை ஒன்று கூண்டில் சிக்கியதாகச் சொன்னார்கள். அதுதானா இது என்று யாருக்குத் தெரியும்? தூண்டில்காரர் கண்ணைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறார். ராத்தா மட்டும், "மரக்கட்டைதான். மழைக்கு அடிச்சிட்டு வந்திருக்கும்" என்பார். திரும்பிப் பார்க்காதவர் அவர். பார்த்த எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பல நாள் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கவே முடியவில்லை. குவளைத் தண்ணீர் முகத்தில் வழிந்தால் மூச்சு முட்டியது. துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வேன். மகள் மெயின்லேண்டிலிருந்து போன் செய்து, "அந்தக் கிளாஸ் உனக்கு எதுக்கும்மா" என்று திட்டினாள். வகுப்பு பழையபடி அறைக்குள் வந்துவிட்டது. சிலர் அதோடு நின்றுவிட்டார்கள். ஹார்மோனியக்காரர் வரவே இல்லை. அவரில்லாமல் பெட்டி மூலையில் கிடந்தது.

மழைக்காலம் முடிந்ததும் மாஸ்டர் வனத்துறையிடமும் மீனவர்களிடமும் பேசி, மறுபடி தண்ணீர் வகுப்பைத் தொடங்கலாமா என்று கேட்டார். இந்தமுறை சுவரின்மேல் ஒரு ஆள் எப்போதும் காவல் இருக்க வேண்டும், கையில் விசில் இருக்க வேண்டும், கலங்கல் நாளில் யாரும் இறங்கக்கூடாது, யாரும் தனியாக மிதக்கக்கூடாது என்று முடிவானது. கை தூக்கச் சொன்னார். ராத்தா தூக்கினார். இன்னும் சிலர் தூக்கினார்கள். என் கையும் பாதி உயர்ந்திருந்ததை மாஸ்டர் பார்த்துவிட்டார்.

வீட்டில் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார்.

"காவலுக்கு ஆள் வேணும்னியே" என்றார். "அதுக்கு அறுபது வயசு ஆனாப் போதுமா?"

இப்போது அவரும் என்னோடு பஸ்ஸில் வருகிறார். சுவரின்மேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் விசிலோடு கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் தூண்டில்காரர். இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்களோ, அவர் வீட்டில் பேசுவதைவிட அதிகம் பேசுகிறார்.

நான் இடுப்புக்கு மேல் போவதில்லை. மிதக்கவும் இல்லை. ராத்தாவின் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தபடி நின்றுகொள்கிறேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். என் கால் நடுங்குவது என் கை வழியாக அவருக்குத் தெரியும். "இரு புள்ள, கொஞ்ச நேரம்" என்பார். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். எனக்குப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் மிதந்து வரும் தேங்காய் மட்டைக்கெல்லாம் விசில் ஊதுகிறார். ஒரு காலையில் எத்தனை முறை ஊதுவார் என்று சொல்ல முடியாது. எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே கரையேறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஏறுவது நான்தான், ராத்தாவை இழுத்துக்கொண்டு.